ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல் போனது எப்படி? இணைய நெறிமுறைகள்: ஒரு விளக்கம்

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 9.10 மணியளவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக நின்றுபோயின. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக்கூட விழாமல் சிறிய கடிகாரக் குறி மட்டும் நின்றது. வைஃபையை அணைத்துப் போட்டவர்களும், மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார்த்தவர்களும், ரூட்டரின் ஒயரையே பிடுங்கிச் செருகியவர்களும் கண்டது ஒன்றுதான்: யூடியூப் ஓடுகிறது, கூகுள் தேடித் தருகிறது, இந்த மூன்று மட்டும் இல்லை. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கழித்து, இங்கே விடிவதற்கு முன்பே, அவை திரும்பி வந்தன.

அன்று பெரும்பாலோர் சொன்ன காரணம் ‘சர்வர் டவுன்’. அது பொருத்தமான விளக்கம் அன்று. ஃபேஸ்புக்கின் தரவு மையங்களில் இருந்த கணினிகள் பழுதாகவில்லை. அவற்றுக்குப் போகும் வழிதான் உலகின் கண்ணிலிருந்து மறைந்தது. மறுநாள் செய்திகளில் ‘டிஎன்எஸ்’, ‘பிஜிபி’ என்ற இரண்டு பெயர்கள் அடிபட்டன. இரண்டும் ஒன்றா, வேறா, எதனால் எது கெட்டது என்பது அந்தச் செய்திகளைப் படித்த பிறகும் பலருக்கு விளங்கவில்லை. அது விளங்க வேண்டுமானால், ஒரு செய்தி கைபேசியிலிருந்து கிளம்பிச் சேருமிடம் போய்ச் சேரும்வரை எத்தனை நெறிமுறைகளின் கைமாறிப் போகிறது என்பதை அடியிலிருந்து பார்த்து வர வேண்டும்.

நெறிமுறை என்பது எது

இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதற்குக் கம்பியோ ரேடியோ அலையோ இருந்தால் மட்டும் போதாது. யார் முதலில் பேசுவது, செய்தியின் எத்தனையாவது பைட்டில் முகவரி தொடங்குகிறது, பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, காத்திருந்தும் வராவிட்டால் என்ன செய்வது என்பவை எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதி வைத்த உடன்பாடுதான் நெறிமுறை. பேச்சில் புரோட்டோகால் என்கிறோம். இணையத்தின் நெறிமுறைகள் ஆர்எஃப்சி என்னும் எண்ணிட்ட ஆவண வரிசையில் வெளியாகின்றன. யாரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம், படித்து அதன்படி ஒரு கருவியைச் செய்யலாம். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நிறுவனம் செய்த கருவிகள் முன்பின் அறியாமல் பேசிக்கொள்வது இதனால்தான்.

ஒரு நெறிமுறையைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும்: அது எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்குப் பொறுப்பேற்க மறுக்கிறது. இரண்டாவது கேள்வியைப் பாடநூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. நெறிமுறைகளுக்கு இடையிலான வேறுபாடுகளில் பெரும்பகுதி அந்த மறுப்புகளில்தான் இருக்கிறது.

கல்லூரிகளில் ஓஎஸ்ஐ என்ற ஏழு அடுக்கு மாதிரியை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். தேர்வுக்கு அது வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இணையத்தைப் புரிந்துகொள்ள நான்கு அடுக்கு போதும்.

1. இணைப்பு அடுக்கு: ஒரே அறைக்குள், ஒரே கட்டடத்துக்குள், அடுத்த கருவிவரை செய்தியைக் கொண்டுபோவது. ஈதர்நெட், வைஃபை ஆகியவை இங்கே.
2. இணைய அடுக்கு: ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு, உலகின் மறுகோடிவரை கொண்டுபோவது. இங்கே இருப்பது ஐபி மட்டும் என்றே சொல்லிவிடலாம்.
3. போக்குவரத்து அடுக்கு: கணினிக்கு வந்து சேர்ந்ததை அதற்குள் இருக்கும் உரிய செயலியிடம் ஒப்படைப்பது. டிசிபி, யூடிபி இரண்டும் இங்கே.
4. பயன்பாட்டு அடுக்கு: செய்தியின் பொருளைப் பேசுவது. வலைப்பக்கத்துக்கு எச்டிடிபி, அஞ்சல் அனுப்ப எஸ்எம்டிபி, பெயரை முகவரியாக்க டிஎன்எஸ்.

மேலடுக்கின் செய்தியைக் கீழடுக்கு ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் தன் குறிப்பை எழுதுகிறது. அந்த உறை இன்னொரு உறைக்குள் போகிறது. கம்பியில் ஓடுவது கவருக்குள் கவருக்குள் கவர். வழியில் உள்ள ரூட்டர் ஐபி எழுதிய கவரின் மேற்புறத்தைப் பார்த்தால் போதும். உள்ளே இருப்பது திரைப்படமா, வங்கிக் கணக்கா என்பது அதற்குத் தேவையில்லை.

வீட்டுக்குள் நடப்பது

கைபேசி வைஃபையோடு இணைந்தவுடன் அதற்கு முதலில் வேண்டியது ஒரு முகவரி. அதை வாங்கித் தருவது டிஎச்சிபி. ‘இங்கே முகவரி தருபவர் யாராவது உண்டா’ என்று கைபேசி அறை முழுக்கக் கூவுகிறது, ரூட்டர் ‘192.168.1.7 வேண்டுமா’ என்கிறது. கைபேசி ‘அதையே கொடு’ என்கிறது. ரூட்டர் ‘எடுத்துக்கொள்’ என்கிறது. நான்கு செய்திகளில் முடிந்துவிடும். முகவரியே இல்லாத ஒருவர் பேசுவதால்தான் இந்தப் பேச்சு கூவலில் தொடங்குகிறது.

இந்த ஐபி முகவரியைத் தவிர ஒவ்வொரு வைஃபை, ஈதர்நெட் பொருத்திக்கும் மேக் முகவரி என்ற 48 பிட் எண் ஒன்று உண்டு. அதே வலையமைப்பில் இருக்கும் ஓர் ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று கேட்டறிவது 1982இல் வந்த ஏஆர்பி. மேக் முகவரி ரூட்டரைத் தாண்டிப் போகாது. பொட்டலம், அதாவது இப்படி உறையிட்டு அனுப்பப்படும் செய்தித் துண்டு, ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் மேக் முகவரி எழுதிய வெளிக்கவர் கிழிக்கப்பட்டுப் புதிய கவர் போடப்படுகிறது. உள்ளே இருக்கும் ஐபி கவரின் சேருமிடம் அப்படியே பயணம் செய்கிறது.

ஐபி: முயற்சி உண்டு, உத்தரவாதம் இல்லை

ஐபியின் பொறுப்பு மிகச் சிறியது. பொட்டலத்தின் மேல் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி. ஒவ்வொரு ரூட்டரும் அதைப் பார்த்து அடுத்த ரூட்டரிடம் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். பொட்டலம் தொலையலாம், இரண்டு முறை போய்ச் சேரலாம், பின்னால் கிளம்பியது முன்னால் வரலாம். எதற்கும் ஐபி பொறுப்பில்லை, தொலைந்தால் தகவல் சொல்லவும் கடமைப்பட்டதில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் 64 அல்லது 128 போன்ற ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். வழி தவறிய பொட்டலங்கள் காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காமல் இருப்பதற்கு இந்த எளிய கணக்குத்தான் காரணம்.

இவ்வளவு அலட்சியமான ஒன்றை ஏன் அடித்தளமாக வைத்தார்கள்? இந்த நெறிமுறைகளை வடிவமைத்த விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட வடிவமைப்பில் டிசிபி, ஐபி என்ற பிரிவே இல்லை. முகவரி பார்த்து அனுப்புவது, தொலைந்ததைத் திரும்ப அனுப்புவது எல்லாம் ஒரே நெறிமுறையின் வேலை. வலையமைப்பின் வழியே குரலை அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்த டேனி கோஹன் போன்றவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. தொலைந்த ஒரு சொல்லை மீட்பதற்காக அடுத்த பத்துச் சொற்களைப் பிடித்து நிறுத்தி வைத்தால் உரையாடல் நடக்காது. எனவே 1978இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: அனுப்புவது மட்டும் ஐபி, உத்தரவாதம் வேண்டுமென்றால் அதன் மேல் டிசிபி, வேண்டாதவர்களுக்கு யூடிபி. யூடிபி 1980 ஆகஸ்டிலும், ஐபி, டிசிபி ஆகியவை 1981 செப்டம்பரிலும் ஆர்எஃப்சிகளாக வந்தன. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பு பழைய நெறிமுறையைக் கைவிட்டு இவற்றுக்கு மாறியது.

முகவரியின் கதை தனி. அன்று வகுத்த ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம்; அதாவது சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுத்தொகுப்பிலிருந்த கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரியில் பங்கிட்டுத் தீர்ந்தன. வீட்டில் உள்ள பத்துக் கருவிகளுக்கும் வெளியில் ஒரே முகவரியைக் காட்டும் நாட் என்ற ஏற்பாடு இந்தப் பற்றாக்குறையைத் தள்ளிப்போட்டது. நிலையான தீர்வு 128 பிட் நீளமுள்ள ஐபிவி6. ஆனால் ஐபிவி4 மட்டும் தெரிந்த கருவியும் ஐபிவி6 மட்டும் தெரிந்த கருவியும் நேரடியாகப் பேச முடியாது, நடுவில் மாற்றித் தருபவர் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் அருகருகே ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

டிசிபி: உம் கொட்டும் நெறிமுறை

கதை சொல்பவருக்கு உம் கொட்டுகிற ஆள் வேண்டும். உம் சத்தம் நின்றால் சொல்பவர் நிறுத்தி, ‘தூங்கிட்டியா?’ என்று கேட்பார். எதுவரை கேட்டாயோ அங்கிருந்து மறுபடி சொல்வார். டிசிபி செய்வது ஏறக்குறைய இதைத்தான். யூடிபி என்பது ரயில் நிலைய ஒலிபெருக்கி. அறிவிப்பு வரும், கேட்டவர் கேட்டார், கேட்காதவருக்காக அது நின்று காத்திருக்காது.

டிசிபியின் உம் கொட்டலை எண்களோடு பார்த்தால் தெளிவாகும். கைபேசி ஒரு சர்வரோடு பேசத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. கைபேசி: ‘என் எண்ணிக்கை 1000இல் தொடங்குகிறது.’
2. சர்வர்: ‘சரி, உன்னிடம் அடுத்து 1001ஐ எதிர்பார்க்கிறேன். என் எண்ணிக்கை 5000இல் தொடங்குகிறது.’
3. கைபேசி: ‘சரி, உன்னிடம் அடுத்து 5001ஐ எதிர்பார்க்கிறேன்.’

மும்முனைக் கைகுலுக்கல் என்று இதற்குப் பெயர். ஒரு பைட் செய்திகூட இன்னும் போகவில்லை. போகவர நேரம் ஒன்று கழிந்துவிட்டது. இனிமேல்தான் தரவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் சுமக்கக்கூடியது 1500 பைட். ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக மீதி 1460. கைபேசி ஒரு புகைப்படத்தை அனுப்பினால் முதல் துண்டு 1001 முதல் 2460 வரை, இரண்டாவது 2461 முதல் 3920 வரை, மூன்றாவது 3921 முதல் 5380 வரை எனப் போகும். இரண்டாவது துண்டு வழியில் தொலைந்துவிட்டது. மூன்றாவது வந்ததும் சர்வர் சொல்வது: ‘எனக்கு 2461 வேண்டும்.’ நான்காவது வந்ததும் அதே பதில், ஐந்தாவது வந்ததும் அதே பதில். ஒரே உம் மூன்று முறை திரும்ப வந்தால் கைபேசிக்குப் புரிந்துவிடும். 2461இல் தொடங்கும் துண்டை மறுபடி அனுப்பும். எந்தப் பதிலுமே வராவிட்டால் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து அனுப்பும்.

தொலைந்ததை மீட்பது மட்டும் டிசிபியின் வேலை இல்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் வெறும் 400 கெஜம். 40 பிட் என்பது நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள்; வேகமாகத் தட்டச்சு செய்பவரே அதை முந்திவிடுவார். நெரிசலில் பொட்டலங்கள் தொலைந்தன; தொலைந்தவற்றை எல்லோரும் மறுபடி அனுப்பினார்கள்; அதனால் நெரிசல் கூடியது; கூடியதால் இன்னும் அதிகம் தொலைந்தன. வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையின் வழிமுறை, மெதுவாகத் தொடங்கு, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வேகத்தைக் கூட்டு, ஒன்று தொலைந்தால் சட்டென்று குறை என்பதாகும். எந்த மேற்பார்வையாளரும் இல்லாமல் கோடிக்கணக்கான கணினிகள் தாமாகவே விட்டுக்கொடுத்துப் போகும் இந்த ஏற்பாடு இணையத்தின் வடிவமைப்பிலேயே மிக நேர்த்தியானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது வேகம் முதலில் குறைவாக இருந்து போகப்போக ஏறுவதற்கும் இதில் பங்குண்டு.

யூடிபி: மூன்று பக்க ஆவணம்

யூடிபியின் ஆர்எஃப்சி மூன்றே பக்கம். தலைப்பு 8 பைட்: எந்தத் துறை எண்ணிலிருந்து, எந்தத் துறை எண்ணுக்கு, நீளம் எவ்வளவு, உள்ளடக்கம் சிதையவில்லை என்று சரிபார்க்க ஒரு கூட்டெண். துறை எண் என்பது ஒரே முகவரியில் குடியிருக்கும் பல செயலிகளில் யாருக்கு இந்தப் பொட்டலம் என்று காட்டும் கதவிலக்கம். டிசிபிக்கும் அது உண்டு: எச்டிடிபி 80, எச்டிடிபிஎஸ் 443, டிஎன்எஸ் 53. கைகுலுக்கல் யூடிபியில் இல்லை. உம் இல்லை, வரிசை இல்லை, வேகக் கட்டுப்பாடு இல்லை.

இதைக் குறைபாடு என்று எடுத்துக்கொள்வது தவறு. இணையவழி அழைப்பில் ஒரு பொட்டலம் வழக்கமாகச் சுமப்பது 20 மில்லிநொடிக் குரல். அது தொலைந்தால் காதுக்கு ஒரு சிறு கரகரப்பு; மீட்டுக்கொண்டு வருவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். பழைய குரலால் யாருக்கும் பயனில்லை. பணப் பரிமாற்றத்தில் ஒரு பைட் தொலைந்தால் நிலைமை வேறு. எனவே ‘டிசிபி நம்பகமானது, யூடிபி வேகமானது’ என்ற சூத்திரத்தைவிட, ‘தாமதமாக வந்தாலும் பயனுண்டா’ என்று கேட்பது சரியான அளவுகோல். பயனுண்டு என்றால் டிசிபி. இல்லை என்றால் யூடிபி.

ஆனால் இந்தக் கோடு இப்போது மங்கிவருகிறது. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெடுங்காலம் டிசிபி மேல்தான் ஓடியது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகவர 30 மில்லிநொடி. டிசிபி கைகுலுக்க ஒரு முறை, அதன் மேல் மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு கைகுலுக்க இரண்டு முறை என 90 மில்லிநொடி கழிந்த பிறகே ‘அந்தப் பக்கத்தைக் கொடு’ என்ற கோரிக்கை கிளம்பும். 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதை 60 ஆக்கியது. கூகுளில் தொடங்கி 2021 மே மாதம் ஆர்எஃப்சியாக வெளியான குயிக் நெறிமுறை இரண்டு கைகுலுக்கல்களையும் ஒன்றாக்கி 30 ஆக்கிவிட்டது. குயிக் ஓடுவது யூடிபியின் மேல். டிசிபி செய்த மீட்பு, வரிசை, நெரிசல் கட்டுப்பாடு எல்லாவற்றையும் குயிக் தானே செய்துகொள்கிறது. 2022 ஜூனில் வந்த எச்டிடிபி/3 அதன் மேல் ஓடுகிறது. புதிதாக ஒரு போக்குவரத்து நெறிமுறையை நேரடியாக ஐபி மேல் வைத்திருக்கலாமே என்றால், வழியிலுள்ள நாட் கருவிகளும் பாதுகாப்புத் தடுப்புகளும் டிசிபி, யூடிபி அல்லாததைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. எனவே யூடிபியின் சட்டையைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது டிசிபி இணைப்பு அறுந்துவிடும், ஏனென்றால் அது முகவரியை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறது. குயிக் தனியாக ஓர் அடையாள எண்ணை வைத்திருப்பதால் தொடர்ந்து பேச முடியும்.

டிஎன்எஸ்: பெயரிலிருந்து எண்ணுக்கு

மனிதர்கள் பெயரைச் சொல்கிறார்கள், ஐபிக்கு எண்தான் தெரியும். ஆர்பாநெட்டின் தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் கலிஃபோர்னியாவிலிருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ஒரே கோப்பில் இருந்தன. மற்றவர்கள் அதை அவ்வப்போது நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்தக் கோப்பைத் துண்டு போட்டு, அவரவர் துண்டை அவரவரே பராமரிக்க வைத்தது. ஃபேஸ்புக்.காம் என்ற பெயரைத் தேடினால் முதலில் மூல சர்வர், அது ‘காம் பற்றி அங்கே கேள்’ என்று காட்டும் இடம், அந்த இடம் ‘ஃபேஸ்புக்கின் பெயர்களை இந்த முகவரிகளில் கேள்’ என்று காட்டும் ஃபேஸ்புக்கின் சொந்த டிஎன்எஸ் சர்வர் எனக் கேள்வி படிப்படியாக இறங்கும். கிடைத்த பதிலைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு காலம் என்பதைப் பதிலே சொல்லும்.

கேள்வி சிறியது, பதில் சிறியது என்பதால் டிஎன்எஸ் வழக்கமாக யூடிபியில் போகிறது. பதில் பெரிதானால் டிசிபிக்கு மாறிக்கொள்ளும்.

பிஜிபி: வழி சொல்லும் வதந்தி

எண் கிடைத்துவிட்டது, அந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் போவது? இணையம் ஒரே வலையமைப்பு அல்ல, பல்லாயிரம் தனி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஃபேஸ்புக்கின் எண் 32934. எந்த முகவரிக் கட்டுகள் தன்னிடம் உள்ளன என்பதை ஒவ்வொரு வலையமைப்பும் பக்கத்து வலையமைப்புகளுக்கு அறிவிக்கும். அவை ‘இவர் வழியாக அவரை அடையலாம்’ என்று தங்கள் பக்கத்தாருக்குச் சொல்லும். இப்படி வாய்வழியாகப் பரவும் செய்திதான் பிஜிபி. 1989 ஜனவரியில் கர்க் லாஹீட், யாக்கவ் ரெக்டர் இருவரும் டெக்சஸின் ஆஸ்டினில் நடந்த கூட்டத்தின் மதிய உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் வரைந்ததிலிருந்து இது தொடங்கியது.

அறிவித்தால் வழி உண்டு, அறிவிப்பைத் திரும்பப் பெற்றால் வழி இல்லை. அறிவிப்பவர் உண்மையாகவே அந்த முகவரிக்கு உரியவரா என்று பிஜிபி தானாகக் கேட்காது. 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 1024 முகவரிக் கட்டுக்குள் அடங்கிய 256 முகவரிகளுக்குத் தானே உரியதுபோல் ஓர் அறிவிப்பை உண்டாக்கியது. அது எல்லை தாண்டிக் கசிந்தது. பெரிய கட்டைவிடச் சிறிய, குறிப்பான கட்டுக்கே ரூட்டர்கள் முன்னுரிமை தரும் என்பதால் உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. நிலைமை சீராகச் சுமார் இரண்டு மணி நேரமாயிற்று. அறிவிப்புக்கு மின்கையொப்பச் சான்று இணைக்கும் ஆர்பிகேஐ என்ற ஏற்பாடு அதற்குப் பிறகு வந்து பரவியிருக்கிறது, ஆனால் எல்லோரும் சரிபார்ப்பதில்லை.

அன்றிரவு நடந்தது

ஃபேஸ்புக் வெளியிட்ட விளக்கத்தின்படி நிகழ்வுகளின் வரிசை இது.

1. தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்திறனை அளக்க, பராமரிப்பின்போது ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அது முதுகெலும்பின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. இத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

2. ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் உலகெங்கும் சிறிய மையங்களில் இருந்தன. தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் தன் இணைப்பு சரியில்லை என்று கருதி, தன் பிஜிபி அறிவிப்பைத் தானே திரும்பப் பெற வேண்டும் என்பது அவற்றுக்கு இடப்பட்ட விதி. ஒரு மையம் மட்டும் கெட்டால் இது நல்ல விதி. மக்கள் வேறு மையத்துக்குப் போவார்கள். அன்று எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தன.

3. அறிவிப்புகள் மறைந்ததும், உயிரோடு இருந்த டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போக உலகில் எவருக்கும் வழி இல்லாமல் போயிற்று. நினைவில் இருந்த பழைய பதில்களும் விரைவில் காலாவதியாயின.

4. செயலிகள் விடாமல் மறுபடி மறுபடி கேட்டன. பொது டிஎன்எஸ் சேவை நடத்தும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்கு இந்தப் பெயர்களைக் கேட்டு வந்த கேள்விகள் வழக்கத்தைவிட 30 மடங்காயின.

5. பொறியாளர்கள் தொலைவிலிருந்து உள்ளே நுழையவும், வழக்கமான உள்ளகக் கருவிகளைப் பயன்படுத்தவும் முடியவில்லை, ஏனென்றால் அவையும் அதே வலையமைப்பையும் அதே டிஎன்எஸ்ஸையும் நம்பியிருந்தன. அவசரத்துக்கென வைத்திருந்த மாற்று வழியும் வேலை செய்யவில்லை. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. அத்துமீறி நுழைபவர்களைத் தடுக்கக் கட்டிய பாதுகாப்பு, சொந்தப் பொறியாளர்களையும் தாமதப்படுத்தியது.

6. வழி திரும்பிய பிறகும் எல்லாவற்றையும் ஒரேயடியாக இயக்கவில்லை. ஒவ்வொரு தரவு மையத்திலும் மின் பயன்பாடு பல பத்து மெகாவாட் அளவுக்கு விழுந்திருந்தது. அது திடீரென்று ஏறினால் மின் அமைப்பே ஆபத்துக்கு உள்ளாகும்.

எனவே ‘டிஎன்எஸ் பழுது’ என்பதும் ‘பிஜிபி பழுது’ என்பதும் முழு உண்மை ஆகாது. பிஜிபி தனக்குச் சொல்லப்பட்டதை உலகுக்குச் சொன்னது. டிஎன்எஸ் கேள்விகள் முறைப்படியே கேட்கப்பட்டன. ஐபி வழி தெரியாத பொட்டலத்தை வழக்கம்போல் கைவிட்டது. எந்த நெறிமுறையும் தன் பொறுப்பில் தவறவில்லை. கீழே ஒன்று அறுந்ததும் மேலே உள்ளவை ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகவே நடந்துகொண்டு கடையை மூடின.

2025 அக்டோபர் 20 அன்று, மற்ற நிறுவனங்களுக்குக் கணினி வசதியை வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸின் வர்ஜீனியா பிராந்தியத்தில் நேர்ந்த தடங்கலை இதோடு ஒப்பிடலாம். அங்கே வழிகள் எல்லாம் திறந்திருந்தன, டிஎன்எஸ் சர்வரும் பதில் சொன்னது. ஆனால் டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் பெயருக்கு எதிரே இருக்க வேண்டிய முகவரிகள், பதிவுகளைத் தானியங்கியாகப் புதுப்பிக்கும் மென்பொருளின் பிழையால் வெறுமையாகியிருந்தன. ஃபேஸ்புக் விவகாரத்தில் முகவரிப் புத்தகம் இருந்த கட்டடத்துக்கே சாலை இல்லை. அமேசானில் புத்தகம் கையில் இருந்தது, அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

வீட்டில் இணையம் நின்றால்

இதே அடுக்கு வரிசை வீட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கவும் உதவும். கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

1. வைஃபை குறி முழுதாக இருக்கிறது, ஆனால் கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. முகவரி கேட்டுக் கூவியதற்கு யாரும் பதில் சொல்லாததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பழுது டிஎச்சிபியில், ரூட்டரை மறுபடி இயக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

2. ரூட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) பிங் கட்டளை (அந்த முகவரி பதில் தருகிறதா என்று சோதிப்பது) கொடுத்தால் பதில் வருகிறது, கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8க்குக் கொடுத்தால் வரவில்லை. வீட்டுக்குள் குறையில்லை, ரூட்டரின் வெளிப்பக்க இணைப்போ சேவை நிறுவனத்தின் பக்கமோ பழுது. நிறுவனத்தை அழைக்க வேண்டிய நேரம் இது.

3. 8.8.8.8 பதில் சொல்கிறது, எந்தத் தளத்தின் பெயரைச் சொன்னாலும் கிடைக்கவில்லை. பழுது டிஎன்எஸ்ஸில். அமைப்புகளில் வேறொரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். 2021இல் பலர் இதைச் செய்து பார்த்தும் பலன் கிடைக்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய ஃபேஸ்புக்கின் சர்வரே எட்டாத இடத்தில் இருந்தது.

4. உலாவியில் 404 அல்லது 503 என்று வருகிறது. இந்த எண்கள் எச்டிடிபி மொழியில் வருபவை. அதாவது பெயர் கிடைத்தது, வழி கிடைத்தது, கைகுலுக்கலும் முடிந்தது. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை, 503 என்றால் சர்வரால் இப்போது முடியவில்லை. ‘சர்வர் டவுன்’ என்று ஓரளவு நியாயத்தோடு சொல்லத்தக்கது இந்தக் கடைசி நிலையைத்தான். ரூட்டரைத் தட்டுவதில் பயனில்லை.

5. எல்லாத் தளங்களும் ஒரேயடியாக ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்கின்றன. நெடுநாள் அணைந்து கிடந்த பழைய கணினியில் இது அடிக்கடி நேரும். டிஎல்எஸ் ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்க்கிறது. உள்ளே இருக்கும் சிறிய மின்கலம் தீர்ந்து கணினியின் நாட்காட்டி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், சரியான சான்றிதழ்கூட இன்னும் தொடங்காததாகத் தெரியும். தேதியைத் திருத்தினால் போதும்.